மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு

மலைக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீயின் புகை எழுந்தபோது மதியம் இரண்டு மணி. நான்கு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்று ஷெரிப்பின் ஆள் கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனான்.

வெர்னாவுக்கு வீடென்று இருந்தது சக்கரம் வைத்த டிரெய்லர் ஒன்றுதான். அதை இழுத்துவந்த பிக்கப் வண்டி வசந்தத்திலேயே உயிரை விட்டிருந்தது. மிச்சம், பக்கவாதத்தில் விழுந்த கணவன் டுவெய்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாங்கிய சின்னக் கார். அது இழுக்கக்கூடியது மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு என்றது கார்ப் புத்தகம். டிரெய்லரின் தகட்டிலோ, வெறும் கூடே நாலாயிரத்து எண்ணூறு.

தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டாள். இரும்புச் சட்டிகள், டப்பா உணவு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் புல்லில் வீசினாள். இன்னும் ஆயிரத்து முந்நூறு கூடுதல். சுவரையா கழற்றுவது?

பக்கத்து மனையின் ஹார்லன் தன் டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஹார்லன், இறக்கிவிட்டுட்டு வந்து என்னுதையும் இழுத்துட்டுப் போறியா?"

"திரும்பி வர விடமாட்டாங்க, வெர்னா. நீயே மாட்டிக்கிட்டு மெதுவா ஓட்டு. கம்பெனிக்காரன் எப்பவும் எடையைக் குறைச்சுத்தான் போடுவான்."

வேறு வழியில்லாமல் மாட்டினாள். காரின் பின்பக்கம் தரையோடு அமுங்கியது. டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவி செத்துப்போன பிக்கப்போடு போய்விட்டது. நிறுத்துவதற்குக் காரின் பிரேக் மட்டும்தான்.

சமதளத்தில் முப்பது மைல் வேகத்திலேயே பின்னால் வீடு இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. சின்ன இறக்கம் ஒன்றிலேயே பிரேக் கருகும் வாடை வந்தது. அடுத்து ஆறு மைல் செங்குத்து இறக்கம், ஒருபுறம் ஆற்றுப் பள்ளம். அதற்கு முன் சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தினாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த டுவெய்ன் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். "க... கழட்டு."

"இதையும் விட்டா எங்கே போய் படுக்கிறது? சொல்லு, எங்கே?"

"உயிரோட போனாத்தான்... அழ முடியும். கழட்டு."

கொக்கி இறுகிக் கிடந்தது. உதைத்தாள், திட்டினாள், மறுபடி உதைத்தாள். விட்டது. உள்ளே ஓடி மருந்துப் பையையும் அவனுடைய ஷூக்களையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். வேறென்ன எடுப்பது என்று ஒரு நிமிடம் நடுவில் நின்றாள். சாம்பல் ஜன்னலில் விழத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை, தங்கும் முகாமாக்கியிருந்த பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் போட்டிருந்த கட்டிலருகே ஒரு தீயணைப்புக்காரர் வந்து சொன்னார். இறக்கத்தின் உச்சியில் எதுவும் மிஞ்சவில்லை. அச்சுத் தண்டும் சக்கர வளையங்களும்தான்.

டுவெய்ன் கண்விழித்ததும் அவளையே பார்த்தான். "போச்சா?"

"போச்சு."

கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "இப்ப... மிச்சத்தைக் கார் இழுக்கும்."

வெர்னா சிரிக்கவில்லை. அவன் கட்டிலின் விளிம்பில் தலையைச் சாய்த்து, முந்தைய நாள் மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததை அழுதாள்.