மூச்சு விட மறந்த சங்குக்குளிகாரர்

மன்னாரிலே பதினைந்து ஆண்டுகள் சங்கு குளித்த பஸ்ரியனுக்கு, கனடாவின் ஒன்ராறியோ ஏரியில் மூழ்குவதற்கு ஓர் அனுமதி அட்டை வேண்டும் என்பது முதலிற் சிரிப்பாகவே இருந்தது. அதற்கான தேர்வில் இரண்டு முறை தோற்றபின் அச்சிரிப்பு நின்றுவிட்டது. விட்பிக் கரைக்கு அப்பால் ஏரியில் மூழ்கிக் கிடக்கும் பழைய பாய்க்கப்பலைத் தொட்டு வருவதாக, தாம் வேலைசெய்யும் ரெக்ஸ்டேல் தொழிற்சாலை முழுவதும் அவர் முன்கூட்டியே பறைதட்டியிருந்தார். உடன் வேலைசெய்யும் பத்மநாதனின் கேலியோ நாளுக்கு நாள் கூடியது. 1996ஆம் ஆண்டின் கடைசித் தேர்வு அன்றுதான்.

காற்றுச் சிலிண்டரோடு மூழ்குபவர் மூச்சை அடக்கவே கூடாது. மூச்சடக்கியே சங்கு குளித்துப் பழகிய பஸ்ரியனோ தலை நனைந்ததுமே அடக்கிவிடுவார்.

"போனமுறை ஒண்டரை நிமிசமா ஒரு குமிழிகூட வரேல்லை, அண்ணை. எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு" என்றார் தமிழரான பயிற்சியாளர் கிளிபோட்.

"எனக்கு நிக்கேல்லைத்தானே, தம்பி!"

"பகிடி விடாதேங்கோ. அடக்கிக்கொண்டு மேலை வந்தால் நுரையீரல் வெடிச்சிடும். இண்டைக்கும் அடக்கினால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

படகின் ஓரத்தில் தேநீரோடு குளிரில் ஒடுங்கியிருந்த மனைவி எமில்டா நிமிர்ந்தாள். "இஞ்சாருங்கோ, கீழை போய்க் கதையுங்கோ. கதைச்சால் மூச்சுத் தானா வரும்."

"ஆரோடையப்பா கதைக்கிறது?"

"கப்பலோடை. நீங்கள் சுறாவைக் கண்ட கதையைச் சொல்லுங்கோ. அது ஒண்டுதான் இன்னும் கேக்கேல்லை, பாவம்."

ஏரியின் குளிர் முகத்தில் அறைந்ததும் மூச்சு வழக்கம்போல் நின்றது. கூடவே மூழ்கிய கிளிபோட்டின் கை, மேலே போவோம் என்று காட்ட எழுந்தது. பஸ்ரியன் அவசர அவசரமாகச் சுறாக் கதையைத் தொடங்கினார். வாய்க்குழாயைக் கடித்தபடி அவர் முணுமுணுக்க, குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின; எழுந்த கை தாழ்ந்தது. மங்கலான பச்சை நீரினூடே கப்பலின் விலா மரங்கள் தெரிந்தன. அவற்றில் நகமளவு சிப்பிகள் அப்பியிருக்கக் கண்டதும், பழைய பழக்கத்தில் பொறுக்குவதற்குக் கை நீண்டது, கதை அறுந்தது, குமிழியும் அறுந்தது. கிளிபோட் திரும்புவதற்குள் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். கப்பலின் நங்கூரச் சங்கிலியைத் தொட்டார்; மேலேறும்போதும் ஓயாமற் பேசிக்கொண்டே வந்தார்.

"பாஸ், அண்ணை! ஆனால் ரெண்டு பேருக்குக் காணுற காத்தை நீங்கள் ஒராளே முடிச்சிட்டீங்கள்" என்றார் கிளிபோட்.

"அதை நான் கலியாணம் கட்டின கிழமையே கண்டுபிடிச்சிட்டன்" என்றாள் எமில்டா.

பஸ்ரியன் ஈரக் கையைத் துவாயில் துடைத்துவிட்டு அனுமதி அட்டைக்கான தாளை நீட்டினார்.

"தம்பி, கையெழுத்தைக் கொஞ்சம் பெரிசா வையும். பத்மநாதன் கண்ணாடி போடாமலே வாசிக்கவேணும்."