பிஸ்கட் டின்னில் கொம்பு வண்டுகள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தேயிலை மலையூரான தானா ராத்தாவில் தேநீர் குடிக்கும்போது தோழி தவமலர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள், முடிக்கும்போது அழுதாள். எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். எழுது என்றாள். முதல் நன்றி அவளுக்கு.

தொடக்கத்தை இப்படி வைத்திருந்தேன்: “பனி விலகிய மலைச்சரிவில் காலத்தின் மௌனம்...” (வேண்டாம். அங்கே ஏது மௌனம்? தேயிலை ஆலை இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.)

2

தவமலர் வண்டு அளப்பவள். தேயிலை ஆலை விளக்குக்கு வந்து விழும் கொம்பு வண்டுகளை விடிந்ததும் அளந்து, காட்டோரம் விட்டுவிடுவாள். பல வருடமாக இதே வேலை. பெரிய கொம்புள்ளவற்றைப் பிடித்துச் சுற்றுப்பயணிகளுக்கு விற்றால், சின்னக் கொம்புக்காரர்களே மிஞ்சிப் பிள்ளை பெறுவார்கள். தலைமுறை போகப்போகக் கொம்பு குறுகுமா என்பதுதான் அவள் கேள்வி.*

* ஒரு வருடம் அளந்தால் பதில் வராது. பொறுமை வேண்டும். எனக்கு ஒரு கதைக்கே அது இல்லை.

3

சில வருடங்களாகக் கொம்பு நீண்டுகொண்டே போனது. வண்டு பிடித்து விற்பவர்கள் வருவது நின்றதால் இனம் தேறிவிட்டது என்று மகிழ்ந்து அறிக்கை எழுதினாள். அனுப்புமுன், ஆலை வாசல் கூட்டும் பாஞ்சாலைக்கு நன்றி சொல்லப் போனாள். சில வருடமாக, கொழுந்து ஏற்றிவரும் லோரி ஏறி நசுக்குவதற்குள் வண்டுகளைப் பிஸ்கட் டின்னில் எடுத்து வைப்பவர் அவர்தான்.

“இதுக்கு என்னாம்மா நன்றி. நம்ம தோட்டத்து லயத்துப் புள்ள படிக்குது. நல்லா பெருசா பாத்துதான் எடுத்து வைப்பேன் லா.”

“சின்னது, அக்கா?”

“அது உனக்கு எதுக்கு? செடியில விட்டுடுவேன்.”

(முதல் பிரதியில் பாஞ்சாலையைக் கொஞ்சம் விவரம் போதாதவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வேண்டியவர்களுக்கு நல்ல தக்காளியாகப் பொறுக்கித் தருகிறோமே, அதைத்தான் அவரும் செய்தார்.)

4

அறிக்கை வீணாயிற்று; நீண்டது கொம்பு அல்ல, பாஞ்சாலையின் பொறுக்கல். பாஞ்சாலை வருவதற்கு முந்தைய அளவுகள் மட்டும் மிச்சம். இனியாவது டின்னில் எல்லாம் விழுந்தால்தான் அவற்றுக்கும் அர்த்தம்.

ஒரு முடிவு: தவமலர் ஒன்றும் சொல்லாமல் டின்னை வாங்கிக்கொண்டு... (எழுத முடியவில்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

சொல்லிவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு. “அக்கா, உங்களாலதான் ஒண்ணுகூட மிதிபடல. இனிமே சின்னது, கொம்பு ஒடிஞ்சது, எல்லாம் போடுங்க. எனக்கு எல்லாமே வேணும்.”

பாஞ்சாலை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

5

மறுநாள் காலை டின் ஆலை வாசலில் அதே இடத்தில் இருந்தது. உள்ளே பிறாண்டும் சத்தம். இதைச் சொல்லும்போதுதான் தவமலர் அழுதாள். உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நானும் பெரியதாகப் பார்த்துதான் உங்களுக்கு எடுத்து வைப்பேன்.

மூடியை நீங்கள் திறங்கள்.