குழாய்க்கு முன்னால் ஒரு கை

அக்காவின் மூன்றாவது நகம் கையுறைக்குள்ளேயே கழன்று விழுந்த அன்று, ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான பெண்டிகோ என்ற இடத்தில் எங்களுக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஓடும் படமும் எக்ஸ்ரே குழாயும் உலகத்தில் ஒரே வருஷம் தலைகாட்டியவை. அக்காவின் கணவர், இனாக் ட்ரெலோர் மச்சான், இரண்டையும் வாங்கி ஒரே கூடாரத்தில் வைத்திருந்தார். படத்தின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. திரையில் ரயில் வந்தபோது முதல் வாரம் அலறிய சுரங்கத்து ஆட்கள் அடுத்த வாரமே கொட்டாவி விட்டார்கள். தங்கள் எலும்பைப் பார்க்க மட்டும் யாருக்கும் அலுக்கவில்லை.

குழாய் பதமாகச் சூடேறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். யாராவது கையை நீட்ட வேண்டும், எலும்பு தெளிகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாக் கூடாரத்திலும் அதுதான் வழக்கம். எங்களிடம் அந்தக் கை லவ்டே அக்காவுடையது. ஒரு நாளைக்கு முப்பது தடவை, இரண்டு வருஷம். முதலில் சிவந்தது, பிறகு வெடித்தது, பிறகு புண் ஆறவே இல்லை. இயந்திரம்தான் தின்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வெளிச்சம் எங்கயாவது சுடுமா லவ்டே? நீ எக்ஸ்ரே படத்தட்டு கழுவுற மருந்துத் தண்ணிதான் அது. கையுறை போட்டுக்கோ."

மச்சான் அதை அவ்வளவு பரிவாகச் சொன்னார். நானும் நம்பினேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் டாக்டர் கில்ஃபெதரிடம் போனோம். கையை எடுத்தாக வேண்டும், அழுகல் எலும்பில் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யலாம், உங்கள் இயந்திரத்தையே கொண்டுவாருங்கள் என்றார். அக்கா சிரித்தாள்.

"தின்னதே வந்து எவ்வளவு தின்னேன்னு காட்டப்போவுதா?"

மறுநாள் மத்தியானம் அவர் அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மச்சான் குழாயைச் சூடேற்றினார். டாக்டர் அதுவரை இதைக் கண்ணால் பார்த்ததில்லை. அக்கா கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து முடிப்பதற்குள், முதலில் என்னுடையதைப் பார்க்கிறேன் என்று ஆசையாகக் கையை நீட்டினார்.

மச்சான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"சும்மா ஒரு தடவை பாக்கத்தானே?" என்றார் டாக்டர்.

"ஒரு தடவைகூட வேண்டாங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது மச்சானுக்கே கேட்டது போலிருந்தது. குழாய் படபடத்துக்கொண்டிருந்தது. அக்கா அவிழ்த்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கையை நீட்டினாள்.