புளி போட்டுத் தேய்த்த மூடிகள்

அன்று மாலை என் கணவர் நாகமுத்து என்னிடம் கேட்டது ஒரு சாக்பீஸ். கொடுத்தேன். இந்தத் தீவின் லம்பா லைனில் எங்கள் தகரக் கொட்டகையில், ஜீப் எஞ்சினிலிருந்து கழற்றிய, பிஸ்டனைத் தாங்கும் நான்கு ராடுகளிலும், அவற்றின் அடியில் கிராங்க்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டைக் கவ்வும் அரைவட்ட மூடிகளிலும் ஒன்று, இரண்டு என்று கோடு போட்டார். "ஷாஃப்ட் திரும்பி வந்ததும் எதுக்கு எதுன்னு முழிக்க வேண்டாம்ல" என்றார். அன்றே காய்ச்சல். ஆறாம் நாள் அவர் இல்லை.

1961. யுத்தகாலத்து ஜீப், ஏலத்தில் எடுத்தது. சிப்பிகாட் தோட்டத்துக் காய்கறியை அதில் அபர்டீன் பஜாருக்கு ஏற்றித்தான் நாங்கள் சாப்பிட்டோம். கிராங்க்ஷாஃப்ட் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கியதும், கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி, கடைந்து சரிசெய்ய மெட்ராசுக்குக் கப்பலில் அனுப்பியிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்காக வீட்டைக் கழுவினேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். ஆங்கில ரிப்பேர் புத்தகத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவள். அந்தப் படிப்பாளி கொட்டகை இரும்பையும் விடவில்லை. விளக்குக்குப் போக மிஞ்சிய புளியையும் சாம்பலையும் போட்டு நான்கு மூடிகளையும் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். ராடுகள் உத்தரத்தில் தொங்கியதால் தப்பின.

கொழுந்தன் ஜம்புலிங்கம் லாரி டிரைவர். எனக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டான்.

"அண்ணி, வண்டியைப் பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரனுக்குத் தள்ளிடலாம். வர்ற கப்பல்ல நீங்க மெயின்லாந்து போயிடுங்க. உங்க அண்ணன் வீட்ல ஒரு மூலை கிடைக்காதா?"

"மூலைதான் தம்பி கிடைக்கும்."

அந்தக் கப்பலிலேயே ஷாஃப்டும் வந்து இறங்கியது. கப்பல் ஐந்து நாள் நிற்கும். அதற்குள் எஞ்சின் ஓடினால், ஆள் வைத்து வண்டி ஓட்டி இங்கேயே இருப்பேன். ஓடாவிட்டால் பேசாமல் கப்பலேறுவேன். இருவரும் ஒப்புக்கொண்டோம்.

மூடிகளைக் கையில் எடுத்தவன் திகைத்தான்.

"அண்ணி, இதுல கோடு எங்கே?"

"தேய்ச்சுட்டேன்."

"எதைப் போட்டு?"

"புளி."

"ரசம் வைக்காம விட்டீங்களே! க்யா அண்ணி இது? ஒவ்வொரு மூடியும் அதோட ராடோட சேர்த்துக் கடைஞ்சது. மாத்திப் போட்டா ஷாஃப்டைக் கடிச்சுப் பிடிச்சுக்கும்."

நான்கு ராடு, நான்கு மூடி, இருபத்துநான்கு விதம் என்று கணக்குச் சொன்னேன்.

"முன்பின்னா திருப்பிப் போட்டா?"

கணக்கை அங்கேயே விட்டு, உத்தரத்திலிருந்து ராடுகளை இறக்கினேன்.

ஒவ்வொரு மூடியையும் ஒவ்வொரு ராடிலும் வைத்து அவன் நட்டை இறுக்குவான். இரண்டும் சேரும் இடத்தில், வளையத்தின் உள்பக்கம் நான் நகத்தை ஓட்டுவேன். நகம் தடுக்கினால் அது இதன் ஜோடி இல்லை. துக்க நாட்களில் வெட்டாமல் விட்ட நகம். காரியம் முடிந்தும் சோம்பலில் வளர்ந்திருந்தது. என் சுத்தம் செய்த கெடுதலை என் சோம்பல்தான் சரிக்கட்டியது.

மூன்றாம் நாள் மாலை நான்காவது மூடியிலும் நகம் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் ஷாஃப்டை ஏற்றி, புது பேரிங் வைத்து, எண்ணெய் விட்டு எல்லாவற்றையும் இறுக்கினான். ஷாஃப்டை ஒரு கையால் சுற்றினான், தடையில்லாமல் சுற்றியது.

"சலேகா, அண்ணி. ஓடும்."

ஐந்தாம் நாள் காலை எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. தட்டல் இல்லை. அவரிடம் சொல்லலாம் என்று வீட்டுக்குள் ஓடினேன். பாதி வழியில்தான் அவர் இல்லை என்பது நினைவு வந்தது. படித்தவளாம், எஸ்.எஸ்.எல்.சி.

ஜம்புலிங்கம் அந்த ஜீப்பிலேயே போய் என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"அண்ணி, பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குது."

வாங்கிய நாளிலிருந்தே இழுக்கும். இப்போதும் இழுக்கிறது.