நூறு வாட்ஸ் பெட்டி

பாட்டு பாதியில் போய்க்கொண்டிருந்தபோது அவள் குனிந்து, கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கோபத்தில் செய்யவில்லை. ரொம்ப நாளாக மனசை அரித்துக்கொண்டிருந்த ஒரு சந்தேகம். தீர்த்துக்கொள்ள வேறு வழி தோன்றவில்லை. அணைத்துவிட்டு நிமிர்ந்து, எதுவும் நடக்காததுபோல் வாசித்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் கம்பிகளில் ஓடின. சத்தம் மட்டும் இல்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால் அவளுடைய நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு விளாசிக்கொண்டிருந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், தோள் இரண்டும் கதவு அகலம். பேஸ் கிதார் வாசிக்கும் ஃப்ரிட்ஜ் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன், பேச்சும் அதைப்போலவே ஒரு மெல்லிய முனகல்தான் என்பதால் அந்தப் பெயர். மைக்கின் முன்னால் பாடிக்கொண்டிருந்தவன் அவள் கணவன். அவனும் திரும்பவில்லை.

பாட்டு முடிந்தது. நாத்தனார் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் அண்ணி, பாட்டு சரியா உக்காந்துச்சு" என்றாள்.

கணவன் கைக்குட்டையால் மைக்கைத் துடைத்தான். "ஆமா. உன் பார்ட் இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த அறை ஒரு டயர் கடையின் கிடங்கு. சுற்றிலும் கூரைவரை டயர் அடுக்குகள். வெளியே சத்தம் போகாது என்பதால் அங்கே இடம் பிடித்திருந்தார்கள். ரப்பர் நாற்றம் உடுப்பில் ஏறினால் துவைத்தாலும் போகாது.

காரை அவள்தான் ஓட்டினாள். அவள் இருக்கும்போது வேறு யாரும் ஓட்ட மாட்டார்கள்; பிழைப்பே டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பதுதான். முதல் சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"என் பார்ட்ல எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாமேதான். அந்த நடுவுல வருமே, அது."

"நடுவுல நான் ஆம்ப்பையே ஆஃப் பண்ணிட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

"எப்போலேர்ந்து இப்படிச் சொல்லிட்டிருக்கீங்க?"

"நீ ஆசையா வாசிக்கிற. அதுல போய் கேக்குது கேக்கலன்னு எதுக்கு..."

திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவளிடம் இருந்தது படுக்கையறையில் வைத்துப் பழகுவதற்கான ஆம்ப். ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நாத்தனாரின் முதல் அடியிலேயே அது தரையோடு தரையாகப் போய்விடும். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மாணவர்கள் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஆம்ப் வீடியோக்களைக் கேட்டாள். அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. தாளம் போட்ட கால் அதைத் தொட்டுவிட, நடுரோட்டில் கார் குலுங்கி நின்றது.

"மேடம், பிரேக் போட்டது நானா, நீங்களா?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர்.

"நான்தான். நீங்க போங்க."

வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் உட்கார்ந்தாள். வாட்ஸ், ஸ்பீக்கர் அளவு, வால்வா டிரான்சிஸ்டரா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சு. கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுபவன். நாளெல்லாம் மில்லிமீட்டரில் வாழ்கிறவன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவளால் இப்போது நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனாள். விற்பனையாளன் குடுமி போட்ட இளைஞன்.

"வீட்டுக்கா, பேண்டுக்கா மேடம்?"

"பேண்டுக்கு."

"டிரம்மர் எப்படி, மெதுவா அடிப்பாரா?"

"இதோ நிக்கிறா. நீங்களே கேட்டுக்கோங்க."

கடையின் மூலையில் ஒரு டிரம் செட் இருந்தது. நாத்தனார் போய் உட்கார்ந்தாள். அவள் அடித்த அடியில் புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். குடுமி காதைத் தேய்த்துக்கொண்டான்.

"சரி" என்றான் பிறகு. "அப்போ சின்னது எதையும் நாம பாக்க வேண்டாம்."

முதலில், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஓர் ஆம்ப்பைக் கொண்டுவந்தான். பதினைந்து வாட்ஸ்தான், ஆனால் சூடேறியதும் அதன் சத்தத்தில் ஒரு கரகரப்பு வந்தது, அவளுக்குப் பிடித்திருந்தது. நாத்தனார் டிரம்ஸில் புகுந்ததும் கரகரப்பு மட்டும்தான் மிஞ்சியது, சுரம் காணாமல் போனது. அடுத்து ஐம்பது வாட்ஸ், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். அது நின்று பேசியது. டிரம்ஸுக்கு மேலே ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்டது.

"இது போதும் மேடம். நடு சுரத்தோட குமிழைக் கொஞ்சம் ஏத்துங்க, அதுதான் பேண்டுக்குள்ள வெட்டிக்கிட்டு வரும்."

"அது என்ன, அந்தப் பெரிசு?"

"நூறு வாட்ஸ். ஆனா ஒண்ணு, வாட்ஸ் டபுளானா சத்தம் டபுளாகாது. கொஞ்சம்தான் கூடும். உங்களுக்குத் தேவைப்படாது."

தேவைப்படாது என்ற சொல்லே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "அதையே கட்டுங்க" என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். காரின் பின்சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள். "அண்ணனுக்குக்கூட இவ்வளவு பண்ணி நான் பாத்ததில்ல" என்றாள் நாத்தனார்.

புது ஆம்ப்போடு முதல் ஒத்திகையில் அவள் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு கார்டை அடித்ததுமே டயர் அடுக்குகள் அதிர்ந்தன. நாத்தனார் சிரித்துவிட்டாள். கணவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவளுக்குள் எதுவோ இறங்கி அமர்ந்தது. அரை மணி நேரம்தான். அதற்குள் டிரம்ஸ் மறுபடி மேலே வந்துவிட்டதுபோல் இருந்தது. குமிழைத் திருகினாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நாத்தனாரும் சளைத்தவள் இல்லை. இவள் ஏற்ற ஏற்ற அவள் கையும் ஓங்கியது.

"கேக்குதா?" என்று ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கேட்டாள்.

"கேக்குது" என்றார்கள் மூன்று பேரும்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றான் கணவன். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவள் பார்த்தாள். உணர்ச்சியோடு பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

நீச்சல் சங்கத்தின் ஆண்டு விழாவில் வாசிக்க நாத்தனார் இடம் வாங்கியிருந்தாள். விழா நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் கணவன் எழுந்து வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன, பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். "எங்கேயாவது கத்துற வேலையா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

அவன் வீட்டில் இருக்க, மற்றவர்கள் மட்டும் ஒத்திகைக்குப் போனார்கள். பாடுவதற்கு ஆள் இல்லாமல் எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கே சேருவது என்று குழம்பியது. ஃப்ரிட்ஜ் பாட மாட்டேன் என்று ஒரேயடியாகத் தலையாட்டிவிட்டான்.

"நீங்களே மைக்கு முன்னால நில்லுங்க அண்ணி. சும்மா வரியைச் சொன்னா போதும்."

அவளிடம் நீளமான கிதார் வயர் இருந்தது. வழக்கமாக அவள் நிற்பது ஆம்ப்பை ஒட்டி. அது அவள் முழங்காலுக்குப் பின்னால் தரையில் இருக்கும். இப்போது வயரை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம், கணவன் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றாள். நாத்தனார் குச்சிகளைத் தட்டி எண்ணிக்கை கொடுத்தாள். அவள் முதல் கார்டை அடித்தாள்.

யாரோ முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சத்தம் நேராக நெஞ்சில் வந்து மோதி, காதுக்குள் கம்பியாக இறங்கியது. வரியைச் சொல்ல வாயைத் திறந்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். தொண்டை எரிந்தது. அப்போதும் கேட்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்ன இது?"

"என்ன அண்ணி?"

"இங்க நின்னா இப்படியா கேக்கும்? எனக்கு அங்க பாதிகூடக் கேக்கலையே."

நாத்தனார் குச்சியால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு காதுக்குள் விரலை விட்டு ஒரு பஞ்சுருண்டையை எடுத்தாள். மறு காதிலிருந்து இன்னொன்று. இவள் திரும்பி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அவன் தயங்கித் தயங்கித் தன் காதிலிருந்து மஞ்சள் அடைப்பான்களை உருவினான்.

"எல்லாருமா?"

"அண்ணன் வச்சுக்கல" என்றாள் நாத்தனார். "வச்சா சுருதி தெரியலையாம்."

"அப்போ எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அண்ணன்தான், 'இப்பதான் நிம்மதியா இருக்கா, விடு'ன்னுட்டான்."

ஒத்திகையை அதோடு விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான், எல்லாம் ஒரே அளவில். அவள் எதிரே உட்கார்ந்தாள், எழுந்தாள், அடுப்பருகே போய்த் திரும்பினாள்.

"நான் வாசிச்சது கேக்காதப்ப, கேக்குதுன்னீங்க. காது கிழியறப்ப, நல்லா இருக்குன்னீங்க. உங்ககிட்ட நான் எதைத்தான் நம்புறது?"

அவன் வாயைத் திறந்தான்.

"பேசாதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

வாயை மூடிக்கொண்டான். பதில் சொல்ல முடியாத ஆளோடு சண்டை போடுவதைப்போல ஒரு கொடுமை கிடையாது. அவளே கேட்டு அவளே பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. "சொன்னா நான் கோவிச்சுக்குவேன், அதானே? கோவிச்சுக்கத்தான் செய்வேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன். அதுக்கு தொண்டையைக் கிழிச்சுக்குவாங்களா யாராவது?"

அவன் கத்தியை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. மேசையில் இருந்த ஜாடியின் மூடியைப் பிடித்து, குமிழைக் குறைப்பதுபோல் மெல்ல இடப்பக்கம் திருகினான். மூடி கழன்று கையோடு வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் தனியாகக் கிடங்குக்குப் போனாள். ஆம்ப்பைத் தரையில் வைத்து வாசித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று வாசித்தாள். திரும்பி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காதை ஸ்பீக்கருக்கு நேராக வைத்து மெல்ல ஒரு கம்பியைத் தட்டினாள். உடனே தலையை இழுத்துக்கொண்டாள். சத்தம் அவள் கால்களுக்கிடையே புகுந்து நேராக அறையின் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவள் காதுக்குப் போனது மிச்சம் மீதிதான்.

சுற்றிலும் டயர்கள் இருந்தன. இரண்டை உருட்டிவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மூச்சுப் பிடித்து ஆம்ப்பை அதன்மேல் ஏற்றினாள். முன்பக்கம் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, முகம் தன்னைப் பார்த்து நிமிரும்படி சாய்த்தாள். குமிழைப் பாதிக்கும் கீழே வைத்தாள். முன்பு உச்சத்தில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. குடுமி சொன்ன நடு சுரத்தை ஏற்றினாள். கனத்த கீழ்ச் சத்தத்தைக் குறைத்தாள். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, ஐம்பது வாட்ஸே போதுமாக இருந்திருக்கும் என்பதை யாரும் இல்லாத அந்த அறையில் ஒப்புக்கொண்டாள். வெளியே சொல்வதாக இல்லை.

நாத்தனாரிடம் அடுத்த ஒத்திகையில் பேசினாள். "நீயும் கொஞ்சம் மெதுவா அடிக்கணும்."

"மெதுவான்னா எப்படி அண்ணி?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். கடைசியில் டிரம்மின்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டார்கள். நாத்தனார் அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

விழாவுக்குள் கணவனின் குரல் திரும்பிவிட்டது, சற்றுத் தடித்த குரலாக. மேடையை நீச்சல் குளத்தின் ஓரத்தில் போட்டிருந்தார்கள். திறந்தவெளி. சுவரும் இல்லை, டயரும் இல்லை. முதல் பாட்டில் அவள் வாசித்ததெல்லாம் தண்ணீரின்மேல் போய்க் கரைந்துவிட்டதுபோல் இருந்தது. ஆம்ப்பை ஒரு நாற்காலியில் சாய்த்துத்தான் வைத்திருந்தாள். ஆனாலும் கை தானாகப் போனது. குமிழைத் திருகினாள். இரண்டாவது பாட்டின் நடுவில் இன்னும் கொஞ்சம் திருகினாள்.

அவன் பாடிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான். வரியை விட்டுவிட்டான்.

"குறை" என்றான்.

மைக்கில் விழுந்த அந்த ஒற்றைச் சொல் குளத்தின் அந்தக் கரைவரை போனது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளுக்குக் காதுமடல் சூடேறியது. இத்தனை பேர் முன்னால். அவள் முறைத்தாள். அவன் கண்ணை எடுக்கவில்லை. பயந்துதான் போயிருந்தான், அது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. அவள் குனிந்து குமிழை வெடுக்கென்று கீழே இறக்கினாள்.

அவன் கையை லேசாக மேலே அசைத்தான். அவ்வளவு வேண்டாம், கொஞ்சம் ஏற்று.

அவள் ஏற்றினாள். அவன் தலையசைத்துவிட்டு அடுத்த வரியை எடுத்தான். நாத்தனார் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். பாட்டு முடியும்வரை அவள் அவனைப் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் அவன் குரலை விட்டு விலகாமல் போயின.

வீட்டுக்குப் போகும் வழியில் நாத்தனார் பின்சீட்டில் ஆம்ப்போடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள். "ஊரே கேக்க அதட்டுறீங்க" என்று கணவனிடம் சொன்னாள் காரை ஓட்டிக்கொண்டிருந்தவள், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"மெதுவா சொன்னா உனக்குக் கேட்டிருக்காது" என்றான் அவன்.

அவள் கியரை மாற்றினாள். பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்திருந்தது; அதை எப்போது சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினாள்.