கடைசி மடக்கு

கோலாப்பூரில் பயில்வான்கள் பயிற்சி முடிந்த கையோடு தெருமுனைக்கு வந்து, கறந்த சூடு ஆறாத எருமைப்பாலை நின்றபடியே குடிப்பார்கள். ஹிந்துராவுக்கு அவன் ‘ஆபா’ என்று அழைக்கும் அப்பா தத்தோபாவே கறந்து கொடுப்பார். கண்ணேறு படாமலிருக்க, மகன் குடித்த பாலில் கடைசி மடக்கைப் பெற்றவர் குடித்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

ஒரு நாள் அந்த மடக்கைக் குடித்ததும் தத்தோபா முகத்தைச் சுளித்தார்.

“என்னடா பாளா, பால் கசக்குது?” என்று மகனைக் கேட்டார்.

“எனக்கொண்ணும் தெரியலியே, ஆபா.”

“உனக்கெங்க தெரியும்? கல்லைப் போட்டுக் குடுத்தாலும் முழுங்குவே. இந்த மகராசிதான் எதையோ மேஞ்சிருக்கா” என்று எருமையின் முதுகில் தட்டினார். மறுநாளே பிண்ணாக்கை மாற்றினார்.

கசந்தது அர்ஜினின் என்னும் அமினோ அமிலத் தூள். ரத்தக்குழாய் விரியும், தசைக்கு ரத்தம் பாயும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். மூச்சு முன்போல வாங்கவில்லை என்று ஹிந்துராவுக்கும் தோன்றியது. டப்பாவைக் கண்டால் ஆபா வீசி எறிவார். அதனால் பித்தளை டம்ளரின் அடியில் தூளைப் போட்டு நீட்டுவான். அவர் அதன்மேல் கறப்பார். கலக்கினால் தெரிந்துவிடும். கரையாதது அடியில் தங்கியது. கசப்பைச் சொன்ன அன்றே நிறுத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் இருந்தது.

சனிக்கிழமை காலை, கடைசி மடக்கைக் குடித்த சற்று நேரத்தில் தத்தோபா எருமையின் காலடியில் சரிந்தார். போன வருடம் மாரடைப்பு வந்து, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

மருத்துவமனையில், ஹிந்துராவ் தூளைப் பற்றிச் சொன்னதை டாக்டர் கேட்டுக்கொண்டார்.

“உன்னை மாதிரி ஆளுக்கு அது கொஞ்சம் உதவலாம். மாரடைப்பு வந்தவங்களுக்கு ஆகவே ஆகாது. அவரோட மாத்திரையும் ரத்தக்குழாயை விரிக்கும். ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் சடார்னு இறங்கிடும்.”

“அதனாலதானா, டாக்டர்சாகேப்?”

“அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது.”

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“உக்காரு.”

உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் ஆபா கண் திறக்கவில்லை.

அம்மா தூக்குவாளியோடு வந்தாள். “அந்த எருமையை வித்துடச் சொல்லிட்டேன். பால் கசக்குதுன்னு மனுஷன் அதோடயே மல்லுக்கட்டிட்டிருந்தாரு. குடிடா, இது பக்கத்து வீட்டுப் பால்.”

எருமையின் மேல் குற்றமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான். பழக்கத்தில் கடைசி மடக்கை மிச்சம் வைத்து டம்ளரை நீட்டினான்.

அம்மா கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் தானே குடித்தாள்.

“கசக்கலடா” என்றாள்.