மூன்று கேள்வி கேட்டு விளையாட விட்டோம்

மஸ்கெலியாப் பக்கம் ஒரு வருஷம் பனி எவ்வளவு கெட்டியாக இறங்கியது என்றால், அதில் ஆணி அடித்துக் கோட்டை மாட்டிவிட்டுத்தான் நான் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினேன். வெயில் வந்ததும் கோட்டு கீழே விழுந்துவிட்டது. ஆணியை இன்னும் தேடுகிறேன்.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. பிறகு என் மகன் சின்னராசாவைப் பார்ப்பார்கள். பதினைந்து வயது. முகம் என்னைவிடக் கருங்கல்.

"அப்பா பொய் சொல்றாரு," என்பான். எல்லாரும் மூச்சு விடுவார்கள். "ஒரு ஆணி இல்ல, ரெண்டு. தொப்பியும் மாட்டியிருந்தாரு."

என் சம்சாரம் மீனம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "அப்பனும் மவனும் பேசுற பேச்சுல உலைகூட கொதிக்க மாட்டேங்குது," என்று அடுப்பைக் கிளறப் போய்விடுவாள்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆடித் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்தில் இரண்டு பிரிவு. மேட்டில் நாங்கள் இருக்கிற மேக்கணக்கு, ஆற்றோரம் கீழ்க்கணக்கு. இரண்டுக்கும் பந்தாட்டம். மீசை முளைக்காத பையன்களுக்கு மட்டும் என்று விதி. மேக்கணக்கின் தலைவன் அழகுமுத்துக்கு முளைத்துவிட்டது. காலையில் மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

நடுவர் மயில்வாகனம், தோட்டத்து ஆபீசுக் கிளாக்கர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். ஊதலை வெள்ளிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. என் மகன் அண்ணாந்துகொண்டே பின்னால் ஓடி, எகிறி, கோல் கம்பத்தில் மண்டையை மோதிக்கொண்டான். தேங்காய் உடைத்த மாதிரி சத்தம். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். ரத்தம் இல்லை. ரத்தம் இல்லையென்றால் அடி இல்லை என்பதுதான் அன்றைக்கு எங்கள் வைத்தியம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது யாராவது தலை சுற்றுகிறது என்று நின்றால், கங்காணி மூன்று கேள்வி கேட்பார். பேரென்ன, எந்தக் கணக்கு, கங்காணி யாரு. மூன்றையும் சொன்னால் சுகம். மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கலாம். அதையே கிளாக்கர் ஐயாவும் கேட்டார்.

"உன்ர பேர் என்ன?"

"சின்னராசா."

"எந்தக் கணக்கு?"

"மேக்கணக்குங்க."

"கங்காணி ஆர்?"

"கந்தப்பன் கங்காணிங்க."

கந்தப்பன் கங்காணி போன தைப்பொங்கலுக்கு முதல் நாளே செத்துப்போயிருந்தார். களமே சிரித்தது. "செத்தவருகிட்ட பேரு போடுறான்டா!" என்று அழகுமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கிளாக்கர் ஐயாவும் சிரித்துவிட்டார். "சோலைமலையின்ர பிள்ளையெல்லோ! அப்பனைப் போலத்தான்," என்று என்னைப் பார்த்துச் சொல்லி ஊதலை எடுத்தார்.

சின்னராசா எல்லைக் கோட்டோரம் என்னிடம் வந்தான். "அப்பா, நாம எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்?"

"நோர்வூட் டவுன் பக்கம்," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தான். "அப்பா, நாம எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்?"

"நோர்வூட்டுல கூட்டமா இருக்காம். கொட்டகலைப் பக்கம் அடி."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மூன்றாவது தடவையும் வந்து, அதே கேள்வியை, அதே குரலில் கேட்டான். "இந்தியாவுக்கே அடிச்சிரு, கப்பல் செலவு மிச்சம்," என்றேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகன் என்னை மிஞ்சிவிட்டான் என்று நினைத்தேன்.

மீனம்மா என் கையைப் பிடித்தாள். "என்னங்க, புள்ளைய வெளிய கூப்பிடுங்க. கண்ணு சரியில்ல. அவன் சிரிக்கலைங்க."

"அடி போடி. சிரிக்காம சொல்றதுதானே எங்க தொழில்."

"இது அது இல்லைங்க. நான் பெத்தவ சொல்றேன்."

"ஒனக்கு என்னைக்கு விளையாட்டுப் புரிஞ்சிச்சு?"

அவள் கையை விட்டுவிட்டாள்.

இடைவேளைக்குப் பிறகு கீழ்க்கணக்குப் பையன் ஒருவன் தோளால் இடித்தான். பெரிய இடி இல்லை, பெரட்டுக்கு ஓடுகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்கிற மாதிரி. சின்னராசா உட்கார்ந்தான், படுத்தான். இன்னொரு வேடிக்கை என்று சனம் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். மீனம்மாதான் ஓடினாள்.

கொழுந்து லாரியில் சாக்கு விரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவன் தலை அவள் மடியில் இருந்தது. பொழுது சாயும்முன் போய்விட்டான்.

டாக்டர் சிங்களவர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார். எழுதிக்கொண்டே கேட்டார். "முதல் அடிக்குப் பிறகு எப்படி இருந்தது?"

சொன்னேன். செத்த கங்காணி பெயர் சொன்னதை, ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டதை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அதுதான் அடையாளம். உள்ளே மூளை கலங்கியிருக்கு. அப்பவே வெளியே எடுத்துப் படுக்கவைச்சு இங்க கொண்டு வந்திருக்கணும். ரெண்டாவது அடியை அது தாங்காது. பையன் அப்படிக் கேட்டப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"பதில் சொன்னேனுங்க," என்றேன்.

மீனம்மா பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்தோம். ஒருநாளாவது திட்டுவாள் என்று பார்த்தேன். சோறு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், வேலைக்குப் போனாள்.

மறு வருஷமும் பந்தாட்டம் நடந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன், கால் தானாகப் போய்விட்டது. கீழ்க்கணக்கில் செல்லசாமி என்று ஒரு பையன், காளை மாதிரி. ஒருவன் முழங்கை அவன் நெற்றிப் பொட்டில் பட்டது. விழுந்து எழுந்து, எதிர்க்கட்சிக்காரனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு நின்றான். சனம் சிரித்தது.

நான் களத்துக்குள் போனேன். பந்தை எடுத்துக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"சோலைமலை, என்ன விளையாட்டு இது? எழும்பும்!" என்று கத்திவிட்டுக் கிளாக்கர் ஐயா ஊதினார்.

"அந்தப் பையன் வெளிய போகட்டுங்க. எந்திரிக்கிறேன்."

இரண்டு பேர் தூக்கப் பார்த்தார்கள். பந்தோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிளாக்கர் ஐயா கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊதலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "பிள்ளையை வெளியில விடுங்கோ. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார்.

கீழ்க்கணக்கு தோற்றது. செல்லசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் ஓடாதே, குதிக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாளே எங்கள் லயத்துக்கு வந்துவிட்டான், நடந்துதான்.

"யோவ் கிழவா! ஒன்னாலதான்யா தோத்தோம்! ஒனக்கு என்னய்யா வந்துச்சு? நான் நல்லாத்தானே இருந்தேன்?" கையை நீட்டி நீட்டித் திட்டினான். என் பாட்டன் வரைக்கும் இழுத்தான். அண்டை வீட்டுக்காரர்கள் தடுக்க வந்தார்கள். விடுங்கள், நல்லாத் திட்டட்டும் என்றேன்.

மீனம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவன் திட்டி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.